பிளாட்டினம் நிலையும் பெங்களூரு சூட் அறையும்: தொடர் பயன்பாட்டில் தெரிந்தவை

கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கு வேலை நிமித்தம் அடிக்கடி போய்வருபவன் நான். சில ஆண்டுகளாக ஒரே ஓட்டல் சங்கிலியில் தொடர்ந்து தங்கி, அதன் உறுப்பினர் நிலை வழியாகக் கிடைக்கும் அறை அப்கிரேடைப் (பதிவு செய்ததைவிட மேலான அறையைக் கூடுதல் காசின்றிப் பெறுவது) பயன்படுத்தி வருகிறேன். என்னுடையது மேரியட் போன்வாய் திட்டத்தின் பிளாட்டினம் நிலை. இந்த நிலையை எட்டுவதற்காக இரவுகளைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: முன்கூடமும் சேர்ந்த பெரிய சூட் அறை உண்மையிலேயே கிடைக்கிறதா? கிடைக்கிறது. ஆனால் எந்த நாளில், எந்த முன்பதிவுக்கு, எவ்வளவு நேரம் காத்திருந்தால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேரியட் நிறுவனம் 2016இல் மற்றோர் ஓட்டல் சங்கிலியான ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கியது. இரண்டின் உறுப்பினர் திட்டங்களும் 2018இல் ஒன்றாகி, 2019இல் போன்வாய் என்ற பெயரைப் பெற்றன. ஓர் ஆண்டில் 10 இரவு தங்கினால் சில்வர், 25 என்றால் கோல்டு, 50 என்றால் பிளாட்டினம், 75 என்றால் டைட்டானியம். அதற்கும் மேலே அம்பாசடர் என்ற நிலைக்கு 100 இரவுகளோடு 23,000 டாலர் செலவும் வேண்டும். சில்வர் நிலைக்கு அப்கிரேடு கிடையாது. கோல்டு நிலைக்கு உயர்ந்த தளம், மூலை அறை, நல்ல காட்சி உள்ள அறை என்ற அளவோடு நின்றுவிடும். சூட் அறையும் சேர்த்து அப்கிரேடு என்பது பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது. அதிலும் மூன்று நிபந்தனைகள் உண்டு: நாம் வந்து சேரும்போது அந்த அறை காலியாக இருக்க வேண்டும், நாம் தங்கும் எல்லா இரவுகளுக்கும் காலியாக இருக்க வேண்டும், உறுப்பினர் தாமே தங்கும் ஓர் அறைக்கு மட்டும்தான் சலுகை. முன்பதிவு ஓட்டலின் தளத்திலோ செயலியிலோ, உறுப்பினர் எண் சேர்த்த நிறுவன ஒப்பந்த விலையிலோ நடந்திருக்க வேண்டும். பிற பயண இணையதளங்கள் வழியாகப் போட்ட முன்பதிவுக்கு இந்தச் சலுகைகளைக் கேட்க உரிமை இல்லை. வரவேற்பில் இருப்பவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

மூன்றில் அதிகம் கவனிக்கப்படாதது இரண்டாவது நிபந்தனை. ஞாயிறு இரவு வந்து வியாழன் காலை கிளம்புகிறவருக்கு நான்கு இரவும் ஒரே சூட் காலியாக இருந்தாக வேண்டும். ஞாயிறன்று சூட் தளம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும், செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நிறுவன இயக்குநர் பெயரில் அந்த அறை பதிவாகியிருந்தால் நமக்கு இல்லை.

பெங்களூரு ஓட்டல்களின் வாரம் ஐ.டி. நிறுவனங்களின் நாட்காட்டியை ஒட்டி ஓடுகிறது. வைட்ஃபீல்டு, வெளிவட்டச் சாலை, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் திங்கள் மாலை தொடங்கும் நெரிசல் வியாழன் இரவுவரை தணியாது. வெள்ளி மதியம் பெட்டியை இழுத்துக்கொண்டு எல்லோரும் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே வேலை நாள்களில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் உயர்ந்த தளத்து அறை; வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஜூனியர் சூட்டாவது கிடைத்துவிடும். விதிவிலக்குகளும் உண்டு. ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் ஹெப்பாள் பக்கத்து ஓட்டல்களில் சூட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். நவம்பரில் தொழில்நுட்ப மாநாடு நடக்கும் வாரமும் அப்படித்தான். முகூர்த்த நாள் ஞாயிறில் விழுந்தால், வழக்கமாகக் காலியாக இருக்கும் சூட்டுகளை மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அன்று வரவேற்புக் கூடத்தில் சாமந்தி மாலை கட்டுவதைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

அப்கிரேடு என்பது நாம் வரவேற்பு மேசையின் முன் நிற்கும்போது முடிவாகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். மறுநாள் வரப்போகிறவர்களின் பட்டியல் முதல் நாள் இரவே தயாராகிவிடுகிறது. காலையில் அறை ஒதுக்கீட்டைப் பார்க்கும் ஊழியர் அதை வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களின் விருந்தினர், உறுப்பினர் நிலை, தங்கும் நாள்களை நீட்டித்தவர், குழந்தையோடு வருபவர் என்று வரிசைப்படுத்தி அறை எண்களைப் போட்டுவைத்து விடுகிறார். ஓட்டல்கள் அடிப்படை வகை அறைகளைக் கையில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே விற்பது வழக்கம், எப்படியும் சிலர் வராமல் போவார்கள் என்ற துணிவில். எல்லோரும் வந்து சேர்ந்தால் சிலரை மேல் வகைக்கு ஏற்றித்தான் தீர வேண்டும். அப்படி ஏற்றும்போது முதலில் பார்க்கப்படுவது உறுப்பினர் நிலை. அடிப்படை வகையிலேயே பதிவு செய்வது எனக்குச் சரிப்பட்டு வருவதற்குக் காரணம் இதுதான். நடுத்தர வகைக்கு முன்கூட்டியே ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தவரை அந்த நெருக்கடி தொடுவதே இல்லை. இரட்டைக் கட்டில் கேட்டாலும் வாய்ப்பு குறைகிறது, சூட்டுகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெரிய கட்டில்தான் என்பதால்.

இருந்தாலும் மேசையில் கேட்பது வீண் போவதில்லை. கேட்கும் விதம்தான் முக்கியம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் உயர்தளத்து அறையின் சாவி அட்டையை உறையில் போட்டு நீட்டிவிட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. “சூட் ஏதாவது காலியா இருக்காம்மா? அவசரம் இல்ல, காத்திருக்கிறேன்” என்றேன். திரையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணு இருக்கு சார், ஆனா கெஸ்ட் இப்பத்தான் காலி பண்ணினாங்க, இன்னும் கிளீன் ஆகல. முக்கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?” என்று கேட்டார். லவுஞ்ச் எனும் ஓய்வுக்கூடத்தில் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அறை தயாராகிவிட்டது. அதற்குப் பிறகு கவனித்தவரை, மதிய நேரத்தில் சொல்லப்படும் “இல்லை” என்பதில் கணிசமான பங்கு, துப்புரவு முடிந்த அறை இல்லை என்பதையே குறிக்கிறது. காலை ரயிலில் வந்து பத்து மணிக்கே அறை வேண்டும் என்று நிற்பவருக்கு முந்தைய இரவு யாரும் தங்காத அறைதான் கிடைக்கும். பெங்களூரில் வேலை நாளன்று அப்படி ஒரு சூட் மிஞ்சுவது அரிது. பெட்டியை வாசலில் ஒப்படைத்துவிட்டு அலுவலகம் போய், மாலை நான்கு ஐந்து மணிக்கு வருவது என் வழக்கம். இரவு பதினொரு மணிக்கு வந்தால் ஒதுக்கீடு எல்லாம் முடிந்து போயிருக்கும்.

எல்லா இடத்திலும் இந்த நேர்மை இருப்பதில்லை. வேறொரு நகரில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஓட்டலில், சூட் எதுவும் இல்லை என்று சொன்ன அதே நிமிடம் அவர்களின் செயலியில் அன்றிரவுக்கான சூட் விற்பனைக்கு இருந்தது. நான் தங்கப்போவது ஓர் இரவு மட்டும் என்பதால் எல்லா இரவுகளுக்கும் என்ற நிபந்தனையையும் காரணம் காட்ட முடியாது. திரையைக் காட்டியபோது, அது விற்பனைக்கான ஒதுக்கீடு என்றார்கள். விலை கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவருக்காகக் கடைசி அறையைப் பிடித்துவைப்பது அவர்களுக்கு வியாபாரம். எது காலி என்பதை அவர்களே வரையறுக்கிறார்கள் என்பதால் அங்கே வாதாடிப் பயன் இல்லை. அடுத்த முறை வேறு ஓட்டலுக்குப் போனேன்.

பெயரளவு அப்கிரேடு என்று ஒன்றும் உண்டு. கிளப் தளத்து அறைக்கு மாற்றியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அதே அளவு அறை, அதே குளியலறை, நான்கு தளம் மேலே. கிளப் அறைக்குக் கூடுதல் விலை வைப்பதே லவுஞ்ச் அனுமதிக்காகத்தான்; மேரியட், ஜே.டபிள்யூ., ஷெரட்டன், வெஸ்டின் போன்ற பெயர்களில் உள்ள ஓட்டல்களில் லவுஞ்ச் இருந்தால் பிளாட்டினம் உறுப்பினருக்கு அந்த அனுமதி ஏற்கெனவே உண்டு. மூலை அறையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வைட்ஃபீல்டு மெட்ரோ மேம்பாலத்தில் ஓடுவதால், சாலைப் பக்கம் பார்த்த அறையில் அதிகாலை முதல் ரயிலின் சத்தம் கண்ணாடியைத் தாண்டி வருகிறது. மறுநாள் முக்கியமான கூட்டம் இருந்தால் உள்முற்றம் பார்த்த சாதாரண அறையையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

காசு கொடுத்து அப்கிரேடு வாங்கச் சொல்லி மேசையிலோ மின்னஞ்சலிலோ கேட்கும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18 விழுக்காடு. உண்மையில் வசூலிக்கும் தொகையை வைத்தே வரி என்பதால், 7,000 ரூபாய்க்குப் பதிவு செய்த அறைக்குப் பதிலாகச் சூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வரி 350 ரூபாய்தான், மொத்தம் 7,350. அதே அறைக்கு 1,500 ரூபாய் மட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்ற அழைப்பை ஏற்றால், வாடகை 8,500 ஆகி, வரியோடு 10,030 ஆகிறது. 1,500 என்று சொல்லப்பட்டது கையிலிருந்து 2,680 ஆகப் போகிறது. வாடகை ஏற்கெனவே 9,000 என்றிருப்பவருக்கு இந்தத் தாவல் கிடையாது. விளிம்பில் இருக்கும் அறைகளில்தான் கவனம் வேண்டும்.

இத்தனையும் எனக்குப் பொருட்படுவது குடும்பத்தோடு போகும் வார இறுதிகளில்தான். தனியாகத் தங்கும் இரவில் சூட்டின் முன்கூடத்தில் உள்ள தொலைக்காட்சியை நான் போட்டதுகூட இல்லை. மனைவியோடு அம்மாவும் வரும்போது கதை வேறு. படுக்கையறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவே கதவு உள்ள சூட் என்றால், முன்கூடத்துச் சோபாவை விரித்துப் போட்டு அம்மா ஒன்பது மணிக்கே விளக்கணைத்துப் படுத்துக்கொள்ளலாம். காலை நாலரைக்கு எழுந்து கெட்டிலில் வெந்நீர் வைத்தாலும் எங்கள் தூக்கம் கலையாது. இரண்டாவது குளியலறை இருந்தால் இன்னும் நிம்மதி. ஜூனியர் சூட்டில் இந்தக் கதவு இருப்பதில்லை, ஒரே பெரிய அறையில் சோபாவைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஆகவே சூட் என்று சொன்னதும் தலையாட்டாமல், நடுவில் கதவு உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது நபரின் பெயரை முன்பதிவிலேயே சேர்த்துவிடுவதும் உதவுகிறது, அறை ஒதுக்குகிறவர் கண்ணில் அது முதல் நாளே படும்.

50 இரவுகளை முடிக்கும்போது தேர்ந்தெடுக்கக்கூடிய சலுகைகளில், ஐந்து இரவுக்கான அப்கிரேடு விருதுகள் ஒன்று. ஓர் இரவுக்கு ஒன்று வீதம் முன்பதிவில் இணைத்துவிட்டால், வரும் நாளுக்குச் சில நாள் முன்பே சூட் உறுதியாகிவிடலாம். என் அனுபவத்தில் வேலை நாள்களுக்குப் போட்டவை உறுதியாகாமல் கணக்குக்கே திரும்பி வந்தன. வார இறுதிக்குப் போட்டவை உறுதியாயின, ஆனால் அந்த நாள்களில் கேட்டாலே கிடைத்திருக்கும். ஹயாத் ஓட்டல் சங்கிலியின் உறுப்பினர் திட்டத்தில் இதை ஒத்த சூட் விருது முன்பதிவின்போதே உறுதியாகிவிடுகிறது என்பதால், சூட்டை மட்டுமே குறியாக வைத்திருப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். அதன் உச்ச நிலையான குளோபலிஸ்ட்டுக்கு 60 இரவு வேண்டும்.

பிளாட்டினம் நிலையில் சூட்டைவிட அதிகமாக நான் பயன்படுத்தியது மாலை நான்கு மணி செக்-அவுட். கடற்கரை விடுதிகளிலும் மாநாட்டு ஓட்டல்களிலும் இது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. நகர ஓட்டல்களில் உறுதியான உரிமை. வெள்ளியன்று மதியம் அறைக்குத் திரும்பிக் குளித்து, ஒரு மணி நேரம் படுத்தெழுந்து, இரவு ரயிலுக்குக் கிளம்ப முடிகிறது.

ஓர் ஆண்டில் எட்டும் நிலை அடுத்த ஆண்டு முழுவதும், அதற்கடுத்த பிப்ரவரி இறுதிவரையும் நீடிக்கும். எச்.டி.எஃப்.சி. வங்கியின் போன்வாய் கடன் அட்டை ஆண்டுக்கு 10 இரவுகளைக் கணக்கில் சேர்ப்பதால், அதை வைத்திருப்பவர் உண்மையில் தங்க வேண்டியது 40 இரவுதான். எங்கள் அலுவலகம் பயணங்களைக் குறைத்துவருவதால் இந்த ஆண்டு அந்த நாற்பதும் எட்டுமா என்பது ஐயம். டிசம்பரில் குறைந்த விலை ஓட்டலில் வெறுமனே அறை எடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுபவர்கள் உண்டு; நான் அதைச் செய்யப்போவதில்லை. பிளாட்டினம் போய்விட்டால், அம்மாவோடு போகும் வார இறுதிகளுக்கு மட்டும் நடுவில் கதவு உள்ள சூட்டைக் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.