மிஜிட் 960: காசநோய் ஆய்வகத்து முனைவர் பட்ட மாணவரின் மதிப்பீடு

காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ 20 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு உகந்த சூழலில் 20 நிமிடம் போதும். தொற்றுநோய் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவரின் ஐந்தாண்டுகள் எந்த வேகத்தில் நகரும் என்பதைப் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. ஈ.கோலையில் ஆய்வு செய்யும் நண்பர் மாலையில் பரப்பிய தட்டைக் காலையில் எண்ணிவிடுவார். நாங்கள் லோவன்ஸ்டைன்-ஜென்சன் என்ற, முட்டை சேர்த்த திட வளர்ப்பு ஊடகத்தில் கிருமியை இட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தபடி எட்டு வாரம் வரை காத்திருப்போம். 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாயில் தொடங்கி, பிறகு 42,000 ஆக உயரும் மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டில் நின்றுவிடும் என்பது கிருமிக்குத் தெரியாது. இந்தக் காத்திருப்பைக் குறைக்க எங்களுக்குக் கிடைத்திருக்கும் கருவி, குழாய்களில் கிருமி வளர்வதைத் தானாகவே கண்டறியும், பெக்டன் டிக்கின்சன் நிறுவனத்தின் பாக்டெக் மிஜிட் 960. நோயாளிகளின் மாதிரிகளைச் சோதிக்கும் கூடங்களுக்கு அது எப்படிப் பயன்படுகிறது என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆய்வு மாணவருக்கு அது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குளிர்பதனப் பெட்டியை விடப் பெரிதான இந்தக் கருவியில் மூன்று இழுப்பறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 320 குழாய்கள், ஆக மொத்தம் 960. குழாயில் 7 மில்லிலிட்டர் மிடில்புரூக் 7எச்9 திரவ ஊடகம் இருக்கும். அடியில் சிலிக்கோன் ரப்பருக்குள் ருத்தேனியச் சேர்மம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். திரவத்தில் ஆக்சிஜன் கரைந்திருக்கும் வரை அந்தச் சேர்மத்தின் ஒளிர்வு அடங்கியே இருக்கிறது. கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தொடங்கியதும் ஒளிர்வு கூடுகிறது. 37 டிகிரி வெப்பத்தில் குழாய்களை வைத்துக்கொண்டு கருவி மணிக்கு ஒருமுறை இதை அளக்கிறது. 42 நாள் வரை மாற்றமில்லையென்றால் வளர்ச்சி இல்லை என்று அறிவித்துவிடுகிறது. நுண்ணோக்கியிலேயே கிருமி நன்றாகத் தெரிந்த சளியாக இருந்தால், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் விடை வந்துவிடும்.

விற்பனையாளர்கள் இந்த வேகத்தைத்தான் முன்னிறுத்துவார்கள். ஆய்வு மாணவருக்கு அதைவிடப் பெரிய லாபம் கருவி தரும் எண் என்பது என் கருத்து. முட்டை ஊடகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று கூட்டல் குறிகளோடு கணக்கு முடிந்துவிடும். மிஜிட்டிலோ எத்தனை நாள், எத்தனை மணி நேரத்தில் வளர்ச்சி தெரிந்தது என்பது பதிவாகிறது. கிருமி பத்து மடங்கு குறைந்தால் அந்த நேரம் ஏறத்தாழ மூன்று நாள் தள்ளிப்போகும் என்று இரட்டிப்புக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். ஆகவே, ஒரு மருந்து கிருமியை எவ்வளவு விரைவாகக் குறைக்கிறது என்பதை நாள்வாரியாக வரைபடமாக்க முடிகிறது. ஆனால் இந்த எண்ணை அப்படியே கிருமிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது: மருந்தால் அடிபட்ட கிருமி மீண்டும் வளரத் தொடங்கவே தாமதிக்கும், மாதிரியோடு ஒட்டிவந்த மருந்து குழாய்க்குள்ளும் வேலை செய்யும். கருத்தரங்கில் முதல் கேள்வி இதுவாகத்தான் வரும் என்பதால், தட்டில் பரப்பி எண்ணிய கணக்கையும் உடன் வைத்திருப்பது நல்லது.

கருவியின் பலவீனம் கருவிக்கு வெளியே தொடங்குகிறது. சத்து நிறைந்த திரவ ஊடகத்தில் காசநோய்க் கிருமி வளர்வதற்கு முன்பே வாயிலிருந்து வந்த மற்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அதனால்தான் சளியை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடும் அசிட்டைல் சிஸ்டீனும் கலந்த கரைசலோடு சம அளவில் சேர்த்து, 15 முதல் 20 நிமிடம் வைத்திருந்து, பாஸ்பேட் தாங்கல் கரைசலை ஊற்றி, புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கு விசையில் (3,000 ஜி) சுழற்ற வேண்டியிருக்கிறது. நேரம் கூடினால் காசநோய்க் கிருமியும் சாகும், குறைந்தால் மற்றவை பிழைக்கும். மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகத்தில், என்95 முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் அணிந்து, உயிரிப் பாதுகாப்புப் பெட்டகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் கையை மட்டும் நீட்டி இதைச் செய்கிற ஒருவருக்கு ஐந்து நிமிடத் தாமதம் எளிதில் நேர்ந்துவிடும். முட்டை ஊடகத்தில் 3 முதல் 5 சதவீதம் மாசுபடுவது இயல்பு எனக் கொள்ளப்படும்போது, மிஜிட்டில் 8 முதல் 10 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நோயாளி ஒருவரிடம் எட்டு வாரம் தொடர்ந்து எடுத்த மாதிரிகளில் நடுவே ஒன்று இப்படிப் போனால், அந்தப் புள்ளியைத் திரும்பப் பெற வழியே இல்லை.

கருவி ‘பாசிட்டிவ்’ என்று காட்டுவது ஏதோ ஒன்று வளர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, குலுக்காமல் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமியாக இருந்தால் மேலே திரவம் தெளிந்திருக்கும், அடியில் ரொட்டித் துகள் போல வெளிர்நிறப் பொருக்குகள் படிந்திருக்கும், மெல்லச் சாய்த்தால் அவை கரையாமல் துகளாகவே எழும். குழாய் முழுவதும் ஒரே சீராகக் கலங்கியிருந்தால் மாசு என்று மனம் சொல்லிவிடும். மனம் சொல்வதை நம்பாமல் காசநோய்க் கிருமி வகையை நிறத்தால் காட்டும் சீல்-நீல்சன் சாயமிட்டுப் பார்ப்பதும், மற்ற பாக்டீரியாக்கள் விரைவில் வளரும் இரத்த அகார் ஊடகத்தில் ஒரு துளி இடுவதும், காசநோய்க் கிருமி சுரக்கும் புரதத்தைக் காட்டும் எம்பிடி64 பட்டைச் சோதனை செய்வதும் கட்டாயம். இந்த வேலையை எந்தக் கருவியும் செய்து தராது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூத்த மாணவர்கள் முதலில் கற்றுத்தருவதும் இதைத்தான்.

சிறிய ஆய்வுக்கு இதன் பொருள்கள் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. மாசைத் தடுக்கும் பான்டா என்ற ஐந்து மருந்துக் கலவையை 15 மில்லிலிட்டர் வளர்ச்சிச் சத்தில் கரைத்தால், குளிரில் வைத்தாலும் ஐந்து நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். குழாய்க்கு 0.8 மில்லிலிட்டர் என்றால் ஒரு புட்டியில் 18 குழாய்கள் வரும். நாள்தோறும் நூறு மாதிரி வரும் கூடத்துக்கு இது பொருட்டே அல்ல; வாரத்துக்கு நான்கு மாதிரி கிடைக்கும் மாணவர் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிய புட்டியை உடைக்க நேரும். மாதிரி எடுக்கும் நாள்களை ஒரே வாரத்தில் குவித்துத் திட்டமிடுவதும், பக்கத்து மாணவரோடு புட்டியைப் பகிர்ந்துகொள்வதும்தான் நடைமுறையில் சரிவருகின்றன.

கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் மருந்து உணர்திறன் சோதனையில் கருவி மிகவும் நம்பகமானது. மருந்தில்லாத கட்டுப்பாட்டுக் குழாய் கருவியின் கணக்கில் 400 வளர்ச்சி அலகைத் தொடும்போது மருந்துள்ள குழாயின் நிலையைக் கருவியே ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய காசநோய் மருந்துகளுக்கு இது 4 முதல் 13 நாளுக்குள் முடியும். பழைய செய்முறைத் தாள்களை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா, எதிர்க்கிறதா என்று பிரிக்கும் எல்லைச் செறிவை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மில்லிலிட்டருக்கு 1.0 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்துவிட்டது. பைரசினமைடு என்ற மற்றொரு காசநோய் மருந்துக்கான சோதனை மட்டும் தொல்லை பிடித்தது. பிஎச் 5.9 என்ற அமிலத்தன்மையில் செய்ய வேண்டியிருப்பதாலும், கிருமியின் அளவு சற்றுக் கூடினாலே எதிர்ப்புத்திறன் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும் என்பதாலும், அந்த முடிவை மரபணு வரிசையோடு ஒப்பிடாமல் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.

ஆய்வகத்தில் ஏற்கெனவே இந்தக் கருவி இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். முட்டை ஊடகக் குழாய் ஒன்றையும் ஒவ்வொரு மாதிரிக்கும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், மாசுபட்ட வாரங்களில் அதுதான் கைகொடுக்கும். கருவிக்காகவே ஓர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், சேர்வதற்கு முன் அங்கிருக்கும் மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிட வேண்டும்: மின்சாரம் போனால் கருவிக்கு மாற்று ஏற்பாடு உண்டா, சோதனைக்கூடத்தின் அன்றாட மாதிரிகளுக்குப் போக ஆய்வுக்கு எத்தனை இடம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை பாசிட்டிவ் ஆகும் குழாயை யார் வந்து எடுப்பார்கள். மூன்றாவதற்கு வரும் பதில் பெரும்பாலும் ‘நீங்கள்தான்’ என்பதாகவே இருக்கும்.