கண் கிளினிக்குக்கு மார்க் போடும்போது எதைப் பார்க்க வேண்டும்

கண் கிளினிக்குகளைப் பற்றி நோயாளிகள் எழுதும் விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டே விஷயம்: எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், வரவேற்பில் இருந்தவர் முகம் கொடுத்துப் பேசினாரா. இரண்டும் தேவைதான். ஆனால் கண்ணைச் சரியாகப் பார்த்தார்களா என்பதற்கு இவை பதில் சொல்லாது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடத்தில் அரைகுறையாகப் பவர் பார்த்து அனுப்புவதும் உண்டு. கூட்டத்தில் திணறும் இடத்தில் விழித்திரையின் ஓரம் வரை அலசிப் பார்ப்பதும் உண்டு.

முதலில் அந்தக் காத்திருப்பு. கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் 20 முதல் 30 நிமிடம் ஆகும். கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம் (ஐரிஸ்) அடர்நிறமாக இருந்தால் இன்னும் மெதுவாக விரியும்; இரண்டாவது சொட்டு தேவைப்படலாம். அதற்கு முன் பவர், கண் அழுத்தம், ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி). அதற்குப் பின் விழித்திரை. முழுப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் ஆனால் அது கிளினிக்கின் குற்றமல்ல. அதை முன்கூட்டியே சொல்லாததுதான் குற்றம். சொட்டு விட்ட பின் 4 முதல் 6 மணி நேரம் வரை வெளிச்சம் கூசும், அருகில் உள்ளது மங்கும், வண்டி ஓட்டக் கூடாது. இதை அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லி, கூட ஒருவரை அழைத்து வரச் சொல்லும் இடத்துக்குத் தாராளமாக மார்க் போடலாம். சர்க்கரை நோயாளியைக் கண்மணியை விரிக்காமல் 15 நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிட்டு 'எல்லாம் நார்மல்' என்று சொல்லும் இடத்துக்கு, எவ்வளவு சிரித்துப் பேசினாலும், மார்க்கைக் குறைக்க வேண்டும். டைப் 2 சர்க்கரை இருப்பவருக்கு நோய் கண்டுபிடித்த உடனேயும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வை 6/6 (இயல்பான பார்வை) என்று வருவதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

வரவேற்பு மேஜையை எடைபோட இன்னொரு வழி இருக்கிறது. திடீரென மின்னல் வெட்டுவது போலத் தெரிகிறது, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதக்கின்றன, ஓரத்தில் திரை விழுந்தது போல மறைக்கிறது என்று ஒருவர் போனில் சொன்னால் என்ன பதில் வருகிறது? 'அடுத்த வாரம் வாங்க' என்றால் அந்த இடம் தேறாது. விழித்திரை கிழிந்திருக்கலாம், அன்றே பார்த்தாக வேண்டும். கடுமையான கண்வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே வாந்தி என்றாலும் அப்படித்தான். கண்ணில் சுண்ணாம்போ ஆசிட்டோ தெறித்து வந்தவரிடம் பெயர், வயது, முகவரி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் கழுவ வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

இனி பவர் பார்ப்பது. நோயாளிகளின் அதிருப்தி அதிகம் பிறப்பது இங்கேதான். ஏன் என்று அவர்களுக்கே தெரியாமல் போவதும் இங்கேதான். தாடையை வைத்து, தூரத்தில் தெரியும் பலூனையோ வீட்டையோ பார்க்கச் சொல்லும் கருவிக்குப் பெயர் ஆட்டோ ரெஃப்ராக்டோமீட்டர். படம் மங்கி மங்கித் தெளியும். சில நொடிகளில் ஒரு சீட்டு வெளியே வரும். அந்தச் சீட்டில் இருப்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. அதையே கண்ணாடிச் சீட்டில் எழுதிக் கொடுப்பது, அளவெடுத்த துணியை உடம்பில் போட்டுப் பார்க்காமல் தைத்துக் கொடுப்பது மாதிரி.

சரியான சோதனை அதற்குப் பிறகு தொடங்குகிறது. மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மூடி, 0.25 டயாப்டர் (பவரின் அலகு) படிகளில் லென்ஸை மாற்றிக்கொண்டே வருவார்கள். சிலிண்டர் பவருக்கு (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்வது) ஒரு சிறிய லென்ஸைப் புரட்டிப் புரட்டி 'முதலாவதா, இரண்டாவதா?' என்று கேட்பார்கள். பலர் இங்கே பரீட்சை எழுதுவது போலப் பதறிவிடுகிறார்கள். 'இரண்டும் ஒரே மாதிரி இருக்கு' என்பது தவறான பதில் அல்ல. சோதனை செய்பவர் எதிர்பார்த்து நிற்பதே அந்தப் பதிலைத்தான். அங்கேதான் அளவு முடிகிறது. அடுத்து சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்துகள். சிவப்பில் உள்ளவை தெளிவாக இருந்தால் மைனஸ் இன்னும் கொஞ்சம் தேவை. பச்சையில் தெளிவாக இருந்தால் மைனஸ் கூடிவிட்டது. அவசரத்தில் இந்தப் படியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

மைனஸ் கூடிப்போனால் எழுத்துகள் சிறியதாகவும் அடர் கறுப்பாகவும் தெரியும். அதை 'தெளிவு' என்று நினைத்து நோயாளியும் 'ஆமா, நல்லா இருக்கு' என்பார். வீட்டுக்குப் போனதும் தலைவலி. 'தெளிவா இருக்கா, இல்ல சின்னதா கறுப்பா இருக்கா?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பவர் முடிவான பிறகு அந்தச் சட்டத்தோடே சில நிமிடம் நடக்கவிட்டு, தரை சாய்வாகத் தெரிகிறதா என்று கேட்பவரும் அப்படியே. முதல்முறை சிலிண்டர் போடுபவருக்கு இது மிகவும் முக்கியம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் படிப்பதற்கான பவர் பார்க்கும்போது எந்தத் தூரத்தில் என்று கேட்க வேண்டும். புத்தகம் 40 சென்டிமீட்டரில் இருக்கும், கணினித் திரை 60 சென்டிமீட்டருக்கு மேலே. வாசிப்பு அட்டையைக் கையில் கொடுத்து 'படிங்க' என்று மட்டும் சொல்லி எழுதித் தரும் பவர், நாள் முழுக்கத் திரை முன் உட்காருபவருக்குச் சரிப்படாது. வேலையைச் சொல்லுங்கள், முடிந்தால் திரை இருக்கும் தூரத்தை அளந்துகொண்டு போங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சமரசமே கூடாது. குழந்தையின் கண் தானாகக் குவியத்தை இழுத்துக்கொள்ளும். அதைத் தளர்த்தும் சொட்டு விடாமல் பார்த்தால் இல்லாத மைனஸ் வரும், இருக்கும் பிளஸ் ஒளிந்துகொள்ளும். சைக்ளோபென்டோலேட் என்றால் ஒரு நாளளவில் பார்வை பழையபடி ஆகும்; அட்ரோபின் என்றால் ஒன்றிரண்டு வாரம் வரை கண்மணி விரிந்தே இருக்கலாம். எந்த மருந்து, பள்ளிக்கு எத்தனை நாள் சிரமம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு விடுவதுதான் முறை. இன்னொரு குழு, சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள். அளவு கட்டுக்குள் வராதபோது பவரும் ஆடும். 'சர்க்கரை நிலையானதும் சில வாரம் கழித்து வாங்க, இப்ப கண்ணாடி வேண்டாம்' என்று சொல்லும் கிளினிக், விற்பனையை விட்டுக்கொடுத்து நேர்மையாக நடக்கிறது.

இரண்டு கிளினிக்கில் இரண்டு பவர் கொடுத்துவிட்டார்கள் என்ற புகார்களில் பல வெறும் எழுத்துமுறைக் குழப்பம். ஒருவர் ஸ்பியர் (அடிப்படைப் பவர்) −1.00, சிலிண்டர் −0.50, ஆக்சிஸ் (சிலிண்டரின் கோணம்) 180 என்று எழுதுவார், மற்றவர் −1.50, +0.50, 90 என்று எழுதுவார். இரண்டும் ஒரே கண்ணாடிதான். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர். சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்சிஸை 90 டிகிரி திருப்பிவிட்டால் கணக்கு முடிந்தது. திட்டி விமர்சனம் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவியை யாருக்கும் பிடிப்பதில்லை. எதிர்பாராமல் 'புஸ்' என்றதும் உடல் துள்ளும், மூச்சு அடைபடும். அதனாலேயே எண் கூடும். இறுக்கமான காலரும் அப்படித்தான். எனவே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஊதிச் சராசரி எடுக்கிறார்களா என்று பாருங்கள். 10 முதல் 21 mmHg (அழுத்தத்தின் அலகு) வரை வழக்கமான வரம்பு. அதற்கு மேல் வந்தால் மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல விளக்கில் கண்ணைத் தொட்டு அளக்கும் கோல்ட்மேன் முறையில் சரிபார்க்க வேண்டும். கருவிழியின் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவின்) தடிமனையும் அளக்க வேண்டும். சராசரி 540 மைக்ரான் அளவில் இருக்கும். தடித்த கருவிழியில் எண் கூடுதலாகக் காட்டும், மெலிந்ததில் குறைத்துக் காட்டும். ஒரே ஒரு ஊதலை நம்பி வாழ்நாள் சொட்டு மருந்து எழுதுவதும் தவறு, நார்மல் என்று அனுப்புவதும் தவறு. பொத்தானை அழுத்திக்கொண்டு ஒளிப்புள்ளிகளைத் தேடும், பார்வைப் பரப்பைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்டும் இதே ரகம். முதல் தடவை பலருக்குச் சரியாக வராது. பழகிய பின் மறுபடி எடுக்கச் சொன்னால் அது பணம் பிடுங்குவது அல்ல.

கண்புரை அறுவைக்கு வருவோம். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடிப் பவரில் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் தவறு வரும். முற்றிய புரையில் ஒளிக்கருவி எடுக்காது. அல்ட்ராசவுண்டில் எடுக்க வேண்டிவரும். அதில் முனையைக் கண்ணில் அழுத்திப் பிடித்தால் கண் குட்டையாகக் காட்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அளவெடுப்பதற்கு முன் அதை நிறுத்தியிருக்க வேண்டும்: சாஃப்ட் என்றால் குறைந்தது ஒரு வாரம், ஹார்ட் என்றால் பல வாரம். கண் உலர்ந்திருந்தால் கருவிழி வளைவின் அளவும் ஆடும். இதையெல்லாம் கேட்காமல் நேரடியாக லென்ஸ் பேக்கேஜ் அட்டையை நீட்டினால் உஷாராகுங்கள். ஆண்களிடம் புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்களா என்பது நல்ல உரைகல். அது அறுவையின்போது ஐரிஸைத் தளரச் செய்யும். முன்பே தெரிந்தால் சர்ஜன் தயாராக இருப்பார்.

பல தூரங்களுக்கும் சேர்த்துச் செய்த மல்ட்டிஃபோகல் லென்ஸை 'கண்ணாடியே வேண்டாம்' என்று விற்கிறார்கள். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கிய ஒளியில் துல்லியம் குறையும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஆலோசனை. இரவில் நிறைய வண்டி ஓட்டுபவர், விழித்திரையிலோ கண் நரம்பிலோ கோளாறு உள்ளவர் ஆகியோருக்குச் ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகலே பெரும்பாலும் நல்லது.

பல இடங்களில் காணும் மோசமான வழக்கம் ஒன்று. கண்மணி விரிந்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு எழுத்தும் தெரியாத நேரத்தில் கவுன்சலிங் அறையில் உட்கார வைத்து, ஒப்புதல் படிவத்தை நீட்டி 'இங்க கையெழுத்து போடுங்க' என்பார்கள். கீழ்த்தளத்துக் கடையில் ஃப்ரேம் எடுக்கச் சொல்வதும் அதே நேரத்தில்தான். படிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்றால் எந்த நல்ல கிளினிக்கும் முகம் சுளிக்காது.

அறுவை முடிந்த பின்தான் ஒரு இடத்தின் உண்மையான தரம் தெரியும். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வலி குறையாமல் கூடுகிறது, சிவப்பு ஏறுகிறது, தெளிந்த பார்வை மறுபடி மங்குகிறது என்றால் கண்ணுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். கிளினிக்கின் அவசர போன் எண்ணை இரவில் யார் எடுக்கிறார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். சொட்டு மருந்து அட்டவணையை வாயால் சொல்லி அனுப்புவதும் சரியல்ல. எது முதலில், இடையில் 5 நிமிடம், எந்தப் புட்டியைக் குலுக்க வேண்டும், ஸ்டீராய்டு எந்த வாரம் எத்தனை தடவையாகக் குறைகிறது என்று எழுதித் தர வேண்டும். மாதங்கள் கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் 'புரை திரும்பிவிட்டது' என்பார்கள். திரும்புவது புரை அல்ல. லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்குவது. சில நிமிட யாக் லேசரில் தீர்ந்துவிடும்.

லேசிக் (கண்ணாடிப் பவரைக் குறைக்கும் லேசர் அறுவை) பற்றி ஒரே அளவுகோல் போதும்: எத்தனை பேரை 'உங்களுக்கு வேண்டாம்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். மெலிந்த கருவிழி, கூம்பும் கருவிழி, ஓராண்டாகப் பவர் நிலைக்காதவர், இவர்களையெல்லாம் நிறுத்தாத இடம் எனக்குத் தெரிந்து சிபாரிசுக்கு உரியதல்ல.

புதுக் கண்ணாடி ஒத்துவரவில்லை என்று திரும்பிப் போனால் 'பழகிடும்' என்ற ஒற்றைப் பதில் வரும். ஒன்றிரண்டு வாரம் பழகலாம், சரி. அதற்கு மேலும் தொந்தரவு என்றால் வரிசை இது: முதலில் லென்ஸ்மீட்டரில் கண்ணாடி சீட்டில் எழுதியபடி இருக்கிறதா என்று பார்ப்பது; அடுத்து கண்மணிகளுக்கு இடையிலான தூரமும், புரோக்ரெசிவ் (தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில்) என்றால் பொருத்திய உயரமும்; கடைசியில் பவரை மறுபடி எடுப்பது. இதை முணுமுணுக்காமல் செய்து, தவறு தங்களுடையது என்றால் லென்ஸை மாற்றித் தரும் இடம்தான் அடுத்த முறையும் போகத் தகுந்தது. நீல ஒளி தடுக்கும் பூச்சுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் தாராளமாக மறுக்கலாம்; திரை பார்த்துக் களைக்கும் கண்ணுக்கு அது உதவுவதாக நல்ல ஆதாரம் இல்லை.

கிளம்பும் முன் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். வைத்த லென்ஸின் மாடலும் பவரும் உள்ள ஸ்டிக்கர், ஓசிடி (விழித்திரை ஸ்கேன்), ஃபீல்டு டெஸ்ட் பிரதிகள், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்றால் சொட்டு தொடங்குவதற்கு முன் இருந்த அழுத்த எண். அந்த எண் இல்லாமல் வேறு மருத்துவரிடம் போனால், மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று அவரால் சொல்லவே முடியாது. 'ஃபைல் எங்ககிட்டயே இருக்கும், நீங்க கவலைப்படாதீங்க' என்று சொல்லும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.