அகெலூஸா, ஸ்கமாந்தரா? எந்த நதி தெய்வத்தில் தொடங்கலாம்

கிரேக்கப் புராணத்தில் நதிகள் பெரும்பாலும் ஆண் தெய்வங்கள். பழங்கால கிரேக்கக் கவிஞர் ஹீசியட் கணக்கில் ஓக்கியானஸ், தெத்திஸ் என்ற நீர்த் தெய்வத் தம்பதியின் பிள்ளைகள். கூட்டம் பெரிது, படிக்கத் தொடங்குபவர்கள் தயங்கி நிற்பது அகெலூஸ், ஸ்கமாந்தர் இருவரிடம்தான்.

ஊர்:
அகெலூஸ்: மேற்கு கிரேக்கம். இன்றும் அதே பெயர்.
ஸ்கமாந்தர்: ட்ராய் சமவெளி. இன்று துருக்கியின் காராமெண்டெரெஸ்.

சண்டை:
அகெலூஸ்: இளவரசி டெயனீராவை மணக்க மாவீரன் ஹெராக்ளிஸுடன் மல்யுத்தம். பாம்பாக மாறினார், காளையாக மாறினார், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு கொம்பு முறிந்ததுதான் மிச்சம். (ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதில் அந்தக் கொம்பே வற்றாத வளக்கொம்பு ஆகிறது. தோற்றவருக்கு ஓர் ஆறுதல் பரிசு!)
ஸ்கமாந்தர்: உருமாறும் வித்தையை நம்பவில்லை, வெள்ளத்தையே ஆயுதமாக்கினார். ட்ராய் போரில் கிரேக்க வீரன் அக்கிலீஸ் கொன்று குவித்த பிணங்களால் ஓட்டம் அடைபட, பொங்கித் துரத்துகிறார். அக்கிலீஸ் பிடித்த எல்ம் மரமும் வேரோடு சாய்கிறது. கடைசியில் நெருப்புத் தெய்வம் ஹெபைஸ்டஸ் வைத்த தீயில் கரைமரங்கள் எரிகின்றன, விலாங்குகள் துடிக்கின்றன, ஆறே கொதிக்கிறது. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் இதற்கு ஈடான காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

படிக்க எளிது:
அகெலூஸ்: நாடகாசிரியர் சோஃபக்ளிஸ், ஓவிட் என்று சிதறிக் கிடக்கிறது.
ஸ்கமாந்தர்: இலியட்டின் 21-ஆம் காண்டம் போதும்.

சரி, எது யாருக்கு? குழந்தைகளுக்குக் கதை சொல்ல அகெலூஸ். உருமாற்றமும் கொம்பும் அவர்களுக்குப் பிடிக்கும். போர்க் காவியம் வேண்டுமென்றால் யோசிக்காமல் ஸ்கமாந்தர்.