குளோரைடு மின்முனையுடன் ஆறு ஆண்டுகள்

இலைச்சாற்றில் உள்ள குளோரைடை அளப்பதற்காக நான் வாங்கிய, கரைசலின் குளோரைடு அளவை மின்னழுத்தமாகக் காட்டும் திண்ம நிலை மின்முனைக்கு இந்த ஆண்டோடு ஆறு வயது நிறைகிறது. தாவர செல்களில் எதிர்மின் அயனிகளின் கடத்தலை அராபிடாப்சிஸ் என்ற சிறிய ஆய்வுச் செடியில் ஆராயும் எனக்கு இது அன்றாடக் கருவி.

முதல் ஆண்டிலேயே இதைப் பழுதென்று எண்ணிவிட்டேன். சிஎல்சி-ஏ மரபணு செயலிழந்த செடிகளை இயல்பான செடிகளுடன் வளர்த்து, உலர்ந்த இலைகளைப் பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி அளந்தபோது, இரண்டிலும் குளோரைடு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. சிஎல்சி எனப்படும் குளோரைடு சேனல் (சவ்வில் அயனி கடக்கும் வழி) குடும்பத்தைச் சேர்ந்த மரபணு இல்லாமல் போனால் குளோரைடு குறைய வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். தவறு என்னுடையது. அச்செடிகளில் பாதியளவுக்குக் குறைவது நைட்ரேட்தான் என்பது 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்த முடிவு. செல்லின் சேமிப்பறையான வாக்குவோலின் சவ்வில் அமர்ந்திருக்கும், அந்த மரபணு தரும் புரதம் சேனலே அல்ல, இரண்டு நைட்ரேட்டை உள்ளே அனுப்பி ஒரு புரோட்டானை வெளியே எடுக்கும் பரிமாற்றி என்பது 2006இல் நிறுவப்பட்டது. மின்முனை உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

இதன் சிறப்பும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக் குளோரைடு கலந்த இதன் சவ்வு நைட்ரேட்டைப் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் எல்லா மாதிரிகளிலும் அயனிச் செறிவைச் சமப்படுத்தச் சோடியம் நைட்ரேட்டையே தாராளமாகச் சேர்க்கிறோம். இதே பாகுபாட்டைச் செடி வேறு வழியில் செய்கிறது. சிஎல்சி-ஏ புரதத்தின் 160ஆம் இடத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிச் செரினை வைத்தால் நைட்ரேட் மீதான அதன் நாட்டம் போய்விடுகிறது. அப்படி மாற்றிய மரபணுவைக் குறையுள்ள செடிக்குக் கொடுத்தாலும் நைட்ரேட் சேமிப்பு மீள்வதில்லை. ஒரே ஓர் அமினோ அமிலம் இவ்வளவையும் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பராமரிப்பில் பொறுமை வேண்டும். செறிவு பத்து மடங்கு கூடும்போது 25 டிகிரியில் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும். என்னுடையது 55க்குக் கீழே போகும்போதெல்லாம் மெருகுத்தாளில் தேய்த்து மீட்கிறேன். இதனுடன் எனக்கு வந்த, மாறாத மின்னழுத்தம் தந்து அளவீட்டுக்கு அடிப்படையாகும் ஒப்பீட்டு மின்முனை பொட்டாசியம் குளோரைடு நிரப்பியது. அதிலிருந்து கசிந்த குளோரைடு நீர்த்த மாதிரிகளின் அளவை மெல்ல மெல்ல உயர்த்தியதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதங்கள் வீணாயின. உள், வெளி என இரு அறைகள் கொண்டு, வெளி அறையில் பொட்டாசியம் நைட்ரேட் நிரப்பும் இரட்டைச் சந்தி வகைக்கு மாறிய பின்பே அளவுகள் நிலைத்தன. விரல் வியர்வையிலும் குளோரைடு இருப்பதால், இலையைக் கிள்ளுவது முதல் கையுறை கட்டாயம்.

இக்கருவி முழு இலையின் கூட்டுத்தொகையை மட்டுமே தரும். இலைத்துளையைச் சூழ்ந்த காப்பு செல்களின் வாக்குவோல்களில் குளோரைடைச் சேர்த்து இலைத்துளைத் திறப்பிலும் உப்புத் தாங்கும் திறனிலும் பங்கேற்கும், அதே குடும்பத்தின் சிஎல்சி-சி போன்றவற்றை ஆராய்பவர்களுக்கு, குளோரைடு எந்தச் செல்லில், சவ்வின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. அதை இக்கருவி சொல்லாது. சவ்வைக் கடந்து குளோரைடை அந்தப் புரதம் கடத்துகிறதா என்று காணவோ தனித்தெடுத்த வாக்குவோலில் பேட்ச் கிளாம்ப் (நுண்குழாயால் சவ்வின் மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) செய்தாக வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான செடிகளில் எதை அந்தக் கடினமான சோதனைக்கு எடுத்துச் செல்வது என்று தேர்ந்தெடுக்க, இந்த மின்முனையையே மீண்டும் வாங்குவேன், இம்முறை இரட்டைச் சந்தி ஒப்பீட்டு மின்முனையையும் சேர்த்து.