காசிக்குப் போன ஐந்து இருக்கைகள்: முன்பே பணம் கட்டுவதா, பொறுத்திருப்பதா?

வயதான பெற்றோரை மதுரையிலிருந்து காசிக்கு விமானத்தில் அழைத்துப் போக நினைப்பவர் டிக்கெட் எடுக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இருக்கையை அப்போதே பணம் கட்டிப் பிடித்து வைப்பதா, அல்லது பயணத்துக்குச் சற்று முன்பு இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுக்கும் வெப் செக்-இன் திறக்கும்வரை பொறுத்திருந்து கிடைப்பதை எடுத்துக்கொள்வதா என்பதே அது. சென்ற மாசியில் அப்பா, அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், நான் என ஐந்து பேர் சென்னையில் விமானம் மாறிக் காசிக்குப் போய் வந்தோம். போகும்போது முதல் வழியைக் கையாண்டேன். அதற்கே மூவாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டதால் திரும்பும்போது வேறு வழியின்றி இரண்டாம் வழிக்கு வந்தேன். இன்று யாராவது கேட்டால் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

முன்பே பணம் கட்டுவதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். வேண்டிய வரிசை கிடைக்கும், ஜன்னலோரம் கிடைக்கும், குடும்பம் ஒன்றாக உட்காரும். பொறுத்திருப்பதன் நன்மையும் ஒரே வரியில் முடிந்துவிடும்: பணம் மிச்சம். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பணம் கட்டி வாங்கிய இருக்கை பயண நாள்வரை நம்முடையதாகவே இருக்குமா என்ற கேள்விதான் இதில் முதன்மையானது என்பதை அவனியாபுரம் தாண்டி விமான நிலையத்துக்குப் போய்க் கவுன்ட்டரின் முன்னால் நின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

கார்த்திகையில் டிக்கெட் எடுத்தபோது மதுரை-சென்னை விமானம் ஏர்பஸ் என்று காட்டியது. நடைபாதைக்கு இரு புறமும் மூன்று மூன்று இருக்கைகள் கொண்ட விமானம் அது. அம்மா, அப்பா, நான் மூவரும் முன்பக்கத்தில் ஒரே வரிசையிலும், மனைவியும் மகளும் எங்களுக்கு அடுத்த வரிசையிலும் அமரும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, புறப்படும் நேரம் கால் மணி நேரம் முன்னதாக மாற்றப்பட்டிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். இருக்கைதான் வாங்கியாயிற்றே என்ற தைரியத்தில் வெப் செக்-இன்னையும் செய்யவில்லை. கவுன்ட்டரில் கொடுத்த போர்டிங் பாஸ்களில் அம்மா 2-ஆம் வரிசை, அப்பா 17-ஆம் வரிசை, நான் 9-ஆம் வரிசை; மனைவியும் மகளும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். ஏர்பஸ்ஸுக்குப் பதிலாக ஏடிஆர் என்ற சிறிய விமானம் வந்திருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண், "ஏர்கிராஃப்ட் மாறிடுச்சு சார், ஃபுல்லா இருக்கு, உள்ளே போய்க் கேட்டுப் பாருங்க" என்று பொறுமையாகவே சொன்னார். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். "ஏம்ப்பா, காசு குடுத்து வாங்குன சீட்டுதான இது?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதைப் பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஏறக்குறைய 180 இருக்கைகள் இருக்கும்; ஏடிஆர் 72 ரகத்தில் எண்பதுக்கும் குறைவு. ஏடிஆரில் நடைபாதைக்கு இரு புறமும் இரண்டிரண்டு இருக்கைகள்தாம், நடு இருக்கை என்ற ஒன்றே கிடையாது. எனவே கூட்டம் குறைவான நாளில் பெரிய விமானத்தை எடுத்துவிட்டுச் சிறியதை விட்டால், நடு இருக்கை வாங்கியவர் எல்லோரும், பின்வரிசைகளில் வாங்கியவர் எல்லோரும் இடமில்லாதவர் ஆகிவிடுகிறார்கள். அவர்களை இருக்கும் இடங்களில் நிரப்ப வேண்டியிருப்பதால் மற்றவர்களும் நகர்கிறார்கள். மூன்று பேராக ஒரே வரிசை எடுத்த குடும்பம் இரண்டு இருக்கை வரிசையில் நடைபாதை குறுக்கிடாமல் சேர்ந்து உட்கார வழியே இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு வகை விமானங்களும் பறப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். பயண நேரத்தைப் பார்த்தே இதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். விசிறி போன்ற இறக்கைகளைச் சுழற்றிப் பறக்கும் ஏடிஆர், ஏர்பஸ்ஸைவிடப் பதினைந்து இருபது நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். புறப்படும் நேரமோ சேரும் நேரமோ சிறிது நகர்ந்ததாகச் செய்தி வந்தால் உடனே இருக்கைப் படத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. நான் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. ஏர்பஸ்ஸில் முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், சீக்கிரம் இறங்கலாம் என்று நாமும் கொடுப்போம். ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வாலருகே இருக்கிறது. முன்பக்கம் சாமான் அறைக்கு உரியது. ஆகவே அதே முன்வரிசை அங்கே கடைசியாக இறங்குகிற வரிசை. அம்மாவின் பக்கத்து இருக்கைக்காரரிடம் 17-ஆம் வரிசைக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது, தானும் பணம் கட்டித்தான் முன்னால் உட்கார்ந்திருப்பதாக முகம் சுளித்தார். கதவு பின்னால்தான் இருக்கிறது என்று பணிப்பெண் எடுத்துச் சொன்ன பிறகு மறுபேச்சில்லாமல் எழுந்துகொண்டார். அப்பா பின்கதவில் ஏறி, விமானத்தின் முழு நீளமும் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து முன்னால் வந்து சேர்ந்தார். எல்லோரும் பணம் கட்டி உட்காரும் காலத்தில் 'கொஞ்சம் மாறிக்கொள்கிறீர்களா' என்று கேட்பதே கூச்சமாகிவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து காசிக்குப் போன விமானத்தில் வாங்கிய இருக்கைகள் வாங்கியபடியே கிடைத்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. பத்தில் ஐந்து பழுதில்லை. ஆனால் கலைந்த ஐந்துக்கான கட்டணத்தை நானாக எழுதிக் கேட்ட பிறகுதான், அதுவும் ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். விமான நிறுவனங்களின் நிபந்தனைகளில், இயக்கக் காரணங்களுக்காகவோ பாதுகாப்புக் காரணங்களுக்காகவோ இருக்கையை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நாம் வாங்குவது விருப்பத்தைத்தானே தவிர இடத்தை அன்று.

சட்டம் துணைக்கு வருமா என்றால், ஓரளவுக்கு. உயர் வகுப்பில் டிக்கெட் எடுத்தவரைக் கீழ் வகுப்புக்கு இறக்கினால் உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று 2023-இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதி கொண்டுவந்தது. ஒரே வகுப்பில் 3-ஆம் வரிசையிலிருந்து 17-ஆம் வரிசைக்குத் தள்ளப்பட்டவருக்கு அது பொருந்தாது. 2024 ஏப்ரலில் அதே இயக்குநரகம், 12 வயது வரையுள்ள குழந்தைக்கு அதே பி.என்.ஆரில், அதாவது அதே முன்பதிவு எண்ணில், பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலாவது இருக்கை தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. எங்கள் ஐவரில் மனைவியும் மகளும் மட்டும் பிரியாமல் இருந்ததற்கு அந்த அறிவுறுத்தல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அது கேட்பது குழந்தைக்கு ஒரு பெரியவரைத்தான். காது கேளாத எழுபத்தாறு வயதுக்காரருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

இனி என் கட்சிக்கு வருகிறேன். திரும்பும் பயணத்துக்கு ஒரு ரூபாயும் இருக்கைக் கட்டணம் கட்டவில்லை. மூன்று காரியங்களை மட்டும் செய்தேன். ஐந்து பேரையும் ஒரே பி.என்.ஆரில் சேர்த்தேன். அப்பாவுக்கு வீல் சேர் உதவி வேண்டும் என்று டிக்கெட் எடுத்த அன்றே பதிவு செய்தேன். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பு வெப் செக்-இன் திறந்ததும், காசியில் தங்கியிருந்த விடுதியின் மொட்டை மாடியில் உட்கார்ந்து, முதல் ஆளாக உள்ளே நுழைந்தேன். காசி-சென்னை விமானத்தில் மூவருக்கு ஒரு வரிசையும் இருவருக்கு அதன் பின்வரிசையும் தானாகவே ஒதுக்கப்பட்டன. சென்னை-மதுரை ஏடிஆரில் கட்டணமில்லாமல் கிடைத்தவை கடைசி வரிசைகள். விவரம் தெரிந்தவனுக்கு, வயதானவர்களை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, கதவை ஒட்டிய அந்த வரிசைகளைவிட நல்ல இடம் அந்த விமானத்தில் இல்லை.

இதை அதிர்ஷ்டம் என்று என் மைத்துனர் சொல்கிறார். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கலாம். ஒரே ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு விதி எழுதிவிட முடியாது. ஆனால் அதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. கார்த்திகையில் வாங்கிய இருக்கை மாசிவரை மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கால அட்டவணை மாறலாம், கூட்டம் குறைந்து விமானம் மாறலாம், இரண்டு விமானங்களை ஒன்றாக்கலாம். 48 மணி நேரம் முன்பு எடுத்த இருக்கை இரண்டே நாள் தாக்குப் பிடித்தால் போதும். பெரும்பாலும் எந்த விமானம் வரும் என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். கடைசி நேரப் பழுதினால் மாறினால் இரண்டு வழியும் ஒன்றுதான். அப்போதும் கவுன்ட்டரில் இருப்பவர் நம் ரசீதைப் பார்த்து இடம் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே பி.என்.ஆரில் இருக்கும் பெயர்களையும், வீல் சேர், குழந்தை போன்ற குறிப்புகளையும் பார்த்துத்தான் சேர்த்து வைக்க முயல்கிறார். ஆக, விமானம் மாறும்போது கட்டணம் நம்மோடு வருவதில்லை, பி.என்.ஆர். வருகிறது. மைத்துனர் குடும்பம் ஐதராபாத் போனபோது சலுகை விலைக்காக இரண்டு பி.என்.ஆராகப் பிரித்து எடுத்தார்கள். அவர்கள் பணமும் கட்டவில்லை, ஒன்றாக உட்காரவும் இல்லை.

பணம் கட்டுவதுதான் சரி என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. பொங்கல், தீபாவளி நாள்களில் நிரம்பி வழியும் விமானத்தில் 48 மணி நேரம் முன்பு நுழைந்தாலும் சிதறிய இருக்கைகள்தாம் மிஞ்சியிருக்கும். அப்போது எல்லோருக்கும் கட்டாமல், துணை தேவைப்படுபவருக்கும் துணையாக இருப்பவருக்கும் மட்டும் கட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கால் நீட்ட இடமுள்ள அவசர வழி வரிசையைச் சிலர் பெரியவர்களுக்காகத் தேடுகிறார்கள்; ஆபத்துக் காலத்தில் கதவைத் திறந்து உதவ வேண்டிய வரிசை என்பதால் குழந்தைகளையும் உடல் தளர்ந்தவர்களையும் அங்கே உட்கார விடமாட்டார்கள்.

ரயிலில் போயிருக்கலாமே என்று ஊரில் பலரும் கேட்டார்கள். கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாகக் காசிக்கு வாரம் ஒரு முறை ஓடும் காசி தமிழ்ச் சங்கமம் ரயில் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். உறுதியான பிறகு பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் எளிதில் மாறாது என்பதில் ரயிலுக்கு நிகரில்லை. ஆனால் அங்கேயும் பிரிவுக்கு ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது. 60 வயது கடந்தவர்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் உரிய கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் அவர்கள் தனியாகவோ இருவராகவோ போனால்தான் செல்லும். நாங்களும் அதே டிக்கெட்டில் சேர்ந்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். தனி டிக்கெட் எடுத்தால் அவர்கள் ஒரு பெட்டியிலும் நாங்கள் வேறு பெட்டியிலும் விழலாம். இரண்டு இரவு அப்பாவை அப்படி விட மனம் வரவில்லை.

வரும் சித்திரைத் திருவிழா முடிந்ததும் அத்தையையும் மாமாவையும் சேர்த்து ஏழு பேராக மும்பை போகிறோம். ஒரே பி.என்.ஆர்.; ஒன்பது பேர்வரை சேர்க்கலாம் என்பதால் சிக்கல் இல்லை. அத்தைக்கு வீல் சேர் பதிவாகிவிட்டது. நேற்று அப்பா, "இந்தத் தடவ சீட்டுக்குக் காசு கட்டிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.