இடது மூலையும் வலது மூலையும்: நான்கு வருடம் ஓடிய பழைய பிக்கப்

போன மாதம் வண்டியைக் கழுவும்போது கேபினின் வலது பக்கக் கீழ்மூலையில் பெயிண்ட் கொப்புளித்திருந்ததைப் பார்த்தேன். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். பொரபொரவென்று உதிர்ந்து விரல் உள்ளே போய்விட்டது. இடது பக்கம் அதே இடத்தில் சுத்தியல் பிடியால் தட்டினால் இன்னும் 'டங்' என்கிறது. இரண்டு மூலைகளையும் செய்தவன் நான்தான், அதே கொட்டகையில், சில மாத இடைவெளியில்.

வண்டி 1994-ல் செய்தது. ஒற்றைக் கேபின், டர்போ இல்லாத 2.5 லிட்டர் டீசல், ஏணி மாதிரியான சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), பின்னால் பட்டை ஸ்பிரிங், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். இடது முன்பக்கம் பலமாக இடி வாங்கி ஃபெண்டர், ரேடியேட்டர், அதைத் தாங்கும் சட்டம் எல்லாம் உள்ளே போயிருந்தன. அடிபட்ட கோலத்திலேயே ஆறு வருடம் வெட்டவெளியில் கிடந்ததால் துருவும் சேர்ந்துகொண்டது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கை வைத்தேன். 19 மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான்கு வருடம், 46,000 கிலோமீட்டர்.

முதலில் சேஸ். இது நேராக இல்லையென்றால் மேலே செய்கிற எதற்கும் அர்த்தமில்லை. அளக்கப் பெரிய கருவி தேவைப்படவில்லை, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு போதும். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, சேஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துளைகளிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வண்டியைத் தள்ளிவிட்டு அந்தப் புள்ளிகளுக்கிடையே குறுக்காக அளந்தேன். பின்பாதியில் இரண்டு குறுக்களவும் ஒன்றுதான். முன்பாதியில் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். இதை வீட்டிலேயே சங்கிலி கட்டி, ஜாக்கி வைத்து இழுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் துணியவில்லை. இழுவிசையில் சங்கிலி அறுந்தால் எங்கே வந்து அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சேஸ் இழுக்கும் மேடை உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், அந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுத்தேன். திரும்பி வந்ததும் மறுபடி நூல் கட்டி அளந்தேன், 2 மில்லிமீட்டர். இன்றைக்கும் முன் டயர்கள் இரண்டும் சமமாகத் தேய்கின்றன. வீட்டில் செய்யக்கூடாத வேலை எது என்று கேட்டால் இது ஒன்றைத்தான் சொல்வேன்.

கழற்றும்போது முறிந்த போல்ட்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. துருவிளக்கி எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டும் அசையாதவை அவை. முறிந்த தண்டின் மேல் கொஞ்சம் பெரிய நட்டை வைத்து, நட்டின் நடுவே வெல்டிங் அடித்து நிரப்பி, சிவப்பு அடங்கியதும் ஸ்பேனரைப் போட்டால் பெரும்பாலும் சுழன்றுவிடும். சூடு துருவின் பிடியையும் தளர்த்துகிறது, பிடித்துத் திருக ஒரு தலையும் கிடைக்கிறது. அப்புறம், கழற்றியதையெல்லாம் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் எழுதினேன். டீசல் பட்ட கையோடு பைகளைத் தொட்டதில் மார்க்கர் மை பாதி அழிந்து, 'முன்' என்று மட்டும் மிஞ்சிய பைகள் ஏழு. பையின் மேல் எழுதாதீர்கள். துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள்.

இனி அந்த மூலைகள். கேபினின் பின்பக்கக் கீழ்மூலைதான் பழைய பிக்கப்புகளில் முதலில் போகிற இடம். வெளித்தகடு, உள்தகடு என்று இரண்டு தகடுகள் சேர்ந்து ஒரு பை மாதிரி இருக்கும். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்குகிற தண்ணீரும் சக்கரம் வாரி அடிக்கும் சேறும் அங்கே போய்த் தங்கும். துரு உள்ளிருந்துதான் வெளியே வரும். மேலே காசளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும்.

இடது மூலையை ஆரம்ப உற்சாகத்தில் செய்தேன். நல்ல இரும்பு தெரிகிற வரை கிரைண்டரால் வெட்டி எடுத்தேன். அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்து 1 மில்லிமீட்டர் தகட்டை வளைத்துப் பொருத்தினேன். 0.6 மில்லிமீட்டர் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கிற மிக் வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, கை வைத்துப் பார்த்து ஆறிய பிறகு அடுத்த பொட்டு. ஒரே இழுப்பாக அடித்தால் மெல்லிய தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு முழு மாலைப்பொழுது போனது. வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி ப்ரைமர், அதற்கு மேல் மெல்லியதாகப் பட்டி. எல்லாம் காய்ந்த பிறகு உள்ளே நீளக் குழாய் விட்டு, சந்துகளில் அடிக்கிற மெழுகைப் பீய்ச்சினேன்.

வலது மூலைக்கு வந்தபோது 14-ஆவது மாதம். அலுத்துப்போயிருந்தது. வெளியே ஓட்டை சின்னதாகத்தான் தெரிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருமாற்றித் திரவம் தடவி, ஃபைபர் பாயை ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட். இரண்டே நாள். முடித்த அன்று இடது மூலையைவிட இதுதான் வழவழவென்று இருந்தது! டிங்கரிங் வேலை தெரிந்த நண்பர் ஒருவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பார்க்க நல்லாத்தான் இருக்கு, தட்டிப் பார்த்தா சொல்லிடும்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

என்ஜினைப் பற்றி எழுத அதிகமில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, அளந்து பார்த்தேன், நான்கு சிலிண்டரும் 27-லிருந்து 29 பார்; அதனால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்கவே இல்லை. டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், சீல்கள் மட்டும் மாற்றினேன். மூன்றாம் வருடம் ஒரே ஒரு தொல்லை: காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடித்தது. குளிர்ந்த டீசல் என்ஜின் பிடிக்க உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் க்ளோ பிளக்தான் என்று நினைத்து நான்கையும் மாற்றினேன், பயனில்லை. பிறகு டீசல் வரும் வழியில் ஒரு துண்டு கண்ணாடிக் குழாயைப் போட்டுப் பார்த்தபோது குமிழி ஓடியது. டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு மேலே இருக்கும் சின்ன ரிட்டர்ன் ரப்பர் குழாய் வெடித்து ஏர் இழுத்திருக்கிறது. ஒரு முழக் குழாயில் சரியானது. முதலில் அதைப் பார்த்திருந்தால் நல்ல க்ளோ பிளக்குகளைக் கழற்றியிருக்க வேண்டாம்.

பிரேக்கில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுத் தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய் போட்டேன். துரு பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். முனையை இரட்டையாக மடித்து விரிப்பதுதான் சிரமம், முதல் பதினொன்றும் குப்பைக்குப் போயின. குழாய்களில் மாட்டிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மகள் பெடலில் இருந்தாள். "அழுத்து... பிடி", நான் கீழே திருகை அவிழ்ப்பேன், "அப்பா, இறங்குது" என்பாள், இறுக்கிவிட்டு "விடு". இப்படியே ஒரு மாலை.

ஆனாலும் முதல் வருடத்திலேயே முன் பிரேக் பேடுகள் வேகமாகத் தேய்ந்தன. காரணம் பிடிபட நாளானது. பின் அச்சுக்கு மேலே சுமையை உணரும் ஒரு வால்வு இருக்கிறது. லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நான் புதுப் பட்டை போட்டதில் வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிட்டது. லோடு ஏற்றினாலும் வால்வுக்கு அது வெறும் வண்டிதான். பின் பிரேக் பாதி சும்மா இருக்க, முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. வால்வின் கம்பியைச் சரிசெய்ததும் அந்தக் குறை போனது. பட்டை மாற்றுகிறவர்கள் இதைக் கையோடு பார்த்துவிடுங்கள். பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டையும் புதிதாகவே போடுங்கள், 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள். எனக்குக் கால் சுற்று ஏறியது.

மின்சாரத்தில் ஒரு கூத்து. இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தது. விளக்கின் எர்த்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே மீட்டர் 1.4 வோல்ட் காட்டியது, 0.2-க்குள் இருக்க வேண்டும். எர்த் ஒயரின் வளையத்துக்குக் கீழே நான் அழகாக அடித்த புது பெயிண்ட்! சுரண்டிவிட்டேன், 0.1.

பெயிண்ட் என்றதும் ஒன்று. கடினமாக்கி கலந்து அடிக்கிற டூ-கே பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்கு ஆபத்தான ரசாயனம் உண்டு. அதற்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும், சாதாரண வடிகட்டி முகமூடியை நம்பக்கூடாது. என்னிடம் இல்லாததால் சாதாரண எனாமல் அடித்தேன். மூன்றாம் வருடம் பானெட் சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்தது, பாலிஷ் போட்டால் கொஞ்ச காலம் தாங்குகிறது. எனக்கு அது போதும். உறுத்துவது முன் கண்ணாடிதான். மூடாமல் கிரைண்டர் ஓட்டிய ஒரு நாளில் தீப்பொறிகள் அதில் பதிந்துவிட்டன. பகலில் தெரியாது, இரவில் எதிரே விளக்கு வந்தால் கண்ணாடி முழுக்கப் புள்ளிப் புள்ளியாக மின்னும். ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தால் போதும்.

போன வாரம் வலது மூலையை வெட்டித் திறந்தேன். கொட்டியது ஒரு கரண்டி துருத்தூளும் இரண்டு கை ஈரச் சேறும். ஓட்டை சின்னது என்று நான் நினைத்த இடத்தில் உள்தகடே இல்லை. அடியில் தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனி விட்டிருந்த துளையைத் தேடினேன். காணவில்லை. கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தேன். கல் மாதிரி இறுகிப்போய் அதை அடைத்துக்கொண்டிருந்தது நான் பூசிய பட்டி.

துளையைத் திறந்தாயிற்று. இடது மூலைக்கு வெட்டிய அட்டை அளவு இன்னும் அலமாரியில் இருக்கிறது, திருப்பிப் போட்டால் வலதுக்குச் சரியாக வருகிறது. தகடு வெட்டி வைத்திருக்கிறேன். வெல்டிங் கம்பி தீர்ந்துவிட்டது, வாங்கி வர வேண்டும்.