நான்கு சக்கர இயக்கத்தில் அதிர்வு: முதலில் டயரா, ஷாஃப்டா?

சிறிய டிராக்டரில் நான்கு சக்கர இயக்க லீவரைப் போட்டதும் அதிர்வு எழுந்தால், டயரைப் பார்ப்பதா, முன் அச்சுக்குச் செல்லும் ஷாஃப்டைக் கழற்றுவதா என்ற கேள்வி வரும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 1 முதல் 5 சதவீதம் வரை முந்தி ஓடும்படியே கியர்கள் பொதுவாக அமைக்கப்படுவதால், ஒரு ஜோடி டயர் தேய்ந்தாலும், அளவு மாறினாலும், காற்று குறைந்தாலும் அந்த விகிதம் கெட்டு, தார்ச்சாலையில் வண்டி உதறும்; உழுத மண்ணில் சக்கரம் சற்று வழுக்க இடமிருப்பதால் உதறல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் (ஷாஃப்ட் சாய்ந்த நிலையிலும் சுழல உதவும் சிலுவை வடிவ மூட்டு) தேய்ந்திருந்தாலோ, மண்ணிலும் அதிர்வு தொடர்ந்து, வேகத்தோடு கூடும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஷாஃப்டைக் கையால் அசைத்தால் 'டக்' என்ற ஆட்டம் விரலிலேயே தெரியும். டயரைச் சோதிக்கக் காற்றழுத்தமானியும் அளவு நாடாவும் போதும் என்பதால், அங்கிருந்தே தொடங்குமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.